பாலுண்ணி: குழந்தை தோலில் வரும் முத்துக் குருக்கள்

பெரும்பாலும் குளிப்பாட்டும்போதுதான் இது முதலில் கண்ணில் படும். அக்குளுக்குக் கீழே, விலாப்பக்கம், இரண்டோ மூன்றோ சின்னக் குருக்கள். வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுவிடுவோம். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, குழந்தை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் கழித்து எண்ணினால் மூன்று பன்னிரண்டாகியிருக்கும். அப்போதுதான் நமக்கு வயிற்றில் புளி கரையும்.

என் மகளுக்கு 4 வயதில் வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அத்தை, "சூட்டுக் கொப்புளம், இளநி குடு" என்றார். பக்கத்து வீட்டு அக்கா, "அம்மையா இருக்குமோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். என் அம்மா மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்துவிட்டு, "பாலுண்ணிடி இது. உனக்கும் சின்ன வயசுல வந்துச்சு" என்றார். தோல் டாக்டர் சொன்ன பெயர் மொலஸ்கம் கன்டேஜியோசம். அம்மாவும் டாக்டரும் சொன்னது ஒன்றைத்தான்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். பாலுண்ணி என்ற சொல்லை நாம் தாராளமாகவே புழங்குகிறோம். மருவையும் பாலுண்ணி என்கிறோம், பெரியவர்கள் கழுத்தில் தொங்கும் சதைத் துணுக்கையும் பாலுண்ணி என்கிறோம். மூன்றும் வேறு வேறு. மரு இன்னொரு வகை வைரஸால் வருவது, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். கழுத்துத் துணுக்கு தொற்றே அல்ல. நான் இங்கே பேசுவது குழந்தைகளுக்கு வரும் வழவழப்பான குருவைப் பற்றி. அழுத்தினால் பால் கட்டியதுபோல வெள்ளையாக ஒன்று வெளியே வரும் என்பதால், அந்தப் பெயர் இதற்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். (அதற்காக அழுத்திப் பார்க்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. ஒவ்வொரு குருவும் சுமார் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும், அதாவது கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை. தோலின் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ, உருண்டையாக, முத்துபோலப் பளபளப்பாக இருக்கும். நடுவில் ஒரு சின்னக் குழி, தொப்புள் மாதிரி. இந்தக் குழிதான் இதன் கையெழுத்து. மிகச் சிறிய குருக்களில் அது தெரியாது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தால், வளர்ந்த குருக்களில் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும். உடம்பு, அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, சில நேரம் முகம் என்று வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பொதுவாக வராது.

சின்னம்மைக்கும் இதற்கும் வித்தியாசம் சுலபம். சின்னம்மையில் காய்ச்சல் இருக்கும், நீர்க்கொப்புளங்கள் சில நாட்களிலேயே உடம்பெல்லாம் பரவி, பிறகு காய்ந்து பொருக்காகிவிடும். பாலுண்ணி ஆமை வேகத்தில் வரும், மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கை, கால், வாய் நோய் என்றால் உள்ளங்கையிலும் வாய்க்குள்ளும் புண் இருக்கும். தேன் காய்ந்ததுபோல மஞ்சள் பொருக்கு இருந்தால் அது பாக்டீரியா சமாச்சாரம், அதற்கு மருந்து வேறு. சந்தேகம் இருந்தால் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

சரி, இது எந்த வகை வைரஸ்? இதைச் சொன்னால் பயப்படுவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். பெரியம்மை வைரஸ் எந்தக் குடும்பமோ, இதுவும் அதே குடும்பம். பெரியம்மை இயற்கையாக மனிதரைத் தாக்கியது கடைசியாக 1977இல், சோமாலியாவில். 1980இல் அது உலகத்தைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று முழுக்க முழுக்க மனிதனை மட்டுமே நம்பி வாழும் அம்மைக் குடும்பத்து வைரஸ் என்றால் இந்தப் பாலுண்ணி வைரஸ்தான். ஆனால் குணத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெரியம்மை உடம்பு முழுக்கப் பரவி உயிரையே எடுத்தது. இது தோலின் மேலடுக்கைத் தாண்டிப் போகவே போகாது. ரத்தத்தில் கலக்காது, உள்ளுறுப்புகளைத் தொடாது. நாய், பூனை, கோழியிடமிருந்து வந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும்தான்.

இதைத் தனி நோயாக விவரித்தவர் தாமஸ் பேட்மன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மொலஸ்கம் என்பது மென்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, கன்டேஜியோசம் என்றால் தொற்றக்கூடியது. மென்மையான தொற்றுக் குரு, அவ்வளவுதான். 1841இல் ஹெண்டர்சன், பேட்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் குருவின் உள்ளிருக்கும் வெள்ளைப் பொருளை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் முட்டை வடிவ உருண்டைகள் நிறைந்திருப்பதை விவரித்தார்கள். அவை வைரஸ் அடைத்துப் புடைத்த தோல் செல்கள் என்பது பின்னால் தெரியவந்தது. அந்த உருண்டைகளுக்கு இன்றும் அவர்கள் இருவரின் பெயர்தான்.

இந்த நோயில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் (நோயில் பிடித்த இடம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்) உடம்பை அது ஏமாற்றும் விதம். வைரஸ் ஒன்று உள்ளே வந்தால் நம் உடம்பின் காவல்படை உடனே ஓடிவரும். சிவக்கும், வீங்கும், காய்ச்சல் அடிக்கும். பாலுண்ணிக் குருவைப் பாருங்கள், சுற்றிலும் தோல் அமைதியாக, எதுவுமே நடக்காததுபோல இருக்கும். காரணம், இந்த வைரஸ் திருடன் நாய்க்கு பிஸ்கட் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைவதைப்போல வேலை செய்கிறது. எதிர்ப்புச் சக்தியின் அபாய மணியை அமுக்கிவைக்கும் புரதங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதுபோக, வைரஸ் துகள்கள் தோல் செல்லுக்குள் பைபோன்ற ஒன்றில் மூடப்பட்டுக் கிடக்கின்றன, வெளியே முகம் காட்டுவதில்லை. தோலின் மேலடுக்கில் ரத்தக் குழாய்களும் கிடையாது, காவல்படை ரோந்து போவது குறைவு. தொற்றிய செல்கள் புடைத்து, கீழிருந்து மேலே தள்ளப்பட்டு, நடுக்குழி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே உதிர்கின்றன. அந்தக் குழி வெறும் அழகுக் குறி இல்லை, வைரஸ் வெளியேறும் வாசல்.

அழுத்திப் பார்க்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். அந்த வெள்ளைப் பொருள் முழுக்க வைரஸ். அது பட்ட விரல் அடுத்து எங்கே சொறிகிறதோ அங்கே புதுக் குரு முளைக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகளிடம் சில நேரம் குருக்கள் கோடு போட்டதுபோல வரிசையாக வந்திருக்கும். நகத்தால் சொறிந்த தடம்தான் அது.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதும் இப்படித்தான். தோலோடு தோல் உரசுவது, ஒரே துண்டு, ஒரே உடை, ஒரே குளியல் நார். காற்றில் பரவாது, இருமலில் பரவாது. தொற்றியதிலிருந்து குரு தெரிய 2 முதல் 7 வாரம் ஆகலாம், சிலருக்கு 6 மாதம்கூட. அதனால் யார் கொடுத்தது என்று துப்பறிவதில் பயனில்லை. ஸ்கூல் வேனில் பக்கத்தில் உட்காரும் பையன் மீது பழி போட்டு, அவன் அம்மாவோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், அவர் மகளுக்கு அது எந்த மாதம், யாரிடமிருந்து ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இடம் குளியலறை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய், கடலை மாவு, பீர்க்கங்காய் நார் வைத்து அழுக்குப் போக ஒரு தேய். பாலுண்ணி இருக்கும் குழந்தைக்கு அந்த நார் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் குருக்களின் தலையைக் கிள்ளி உடம்பெல்லாம் தடவிவிடுகிறோம். கையால் மெதுவாக சோப்பு போட்டால் போதும். குளித்ததும் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டு அந்தக் குழந்தைக்கு மட்டும். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒன்றாக டப்பில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். குருக்கள் மேல் சட்டை மூடியிருக்கட்டும், திறந்த இடத்தில் இருந்தால் சின்ன பிளாஸ்திரி. தலையிலோ காதோரத்திலோ இருந்தால் நேர்த்திக்கடன் மொட்டையைத் தள்ளிப்போடுங்கள், சவரக் கத்தி ஒன்றைப் பத்தாக்கிவிடும்.

பள்ளிக்கு லீவு போட வேண்டிய அவசியமில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் ஒன்றுக்கு எத்தனை நாள்தான் வீட்டில் உட்கார வைப்பது? நீச்சல் குளத்துக்கும் போகலாம், குருவை மூடிவிட்டு, துண்டையும் மிதவைப் பலகையையும் பிறரோடு பகிராமல்.

கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் (எக்ஸிமா) இருக்கும் குழந்தைகளுக்குத்தான் இது கொஞ்சம் கூடுதல் தொல்லை. அவர்கள் தோல் ஏற்கெனவே வறண்டு வெடித்திருக்கும், அரிப்பும் சொறிதலும் சேர்ந்தால் 10 குரு 50 ஆகும். அவர்களுக்கு முதல் வேலை தோலை ஈரப்பதமாக வைத்திருப்பதும் கரப்பானை டாக்டர் சொல்படி கட்டுக்குள் வைத்திருப்பதும். நீங்களாகப் போய் மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று கேட்காதீர்கள். கையில் கொடுக்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தோலின் காவல்படையை அது இன்னும் தூங்க வைத்துவிடும், குருக்கள் கொண்டாட்டமாகப் பெருகும்.

எத்தனை நாளில் போகும்? எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது, நான் வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். ஒரு தனிக் குரு சுமார் 2 மாதம் இருக்கும். ஆனால் ஒன்று போகும்போது இன்னொன்று முளைப்பதால், மொத்தமாக ஓய 6 முதல் 12 மாதம் என்பது வழக்கமான கணக்கு. பிரிட்டனில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், முழுதாகக் குணமாக சராசரியாக 13 மாதம் ஆனது. 100 குழந்தைகளில் 30 பேருக்கு ஒன்றரை வருடம் தாண்டியும் இருந்தது, 13 பேருக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகும். உடன்பிறந்தவர்கள் இருந்த வீடுகளில் 100க்கு 41இல் இன்னொரு குழந்தைக்கும் ஒட்டியது. இந்த எண்களை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாவது மாதத்தில் "இன்னும் போகலையே, ஏதோ பெரிய வியாதி" என்று மனம் அலைபாயாது.

தானாகவே போய்விடும் என்றால் சிகிச்சை எதற்கு? நியாயமான கேள்விதான். நிறைய டாக்டர்கள் "காத்திருங்கள்" என்றுதான் சொல்வார்கள், அதைக் கேட்டுப் பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்கும். மருந்துச்சீட்டில் ஒன்றும் எழுதாத டாக்டரை நமக்குப் பிடிக்காது. ஆனால் நன்றாக இருக்கும் ஒரு குழந்தையின் 15 குருக்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினால் குழந்தை அழும், தழும்பு விழலாம், அடுத்த மாதம் புதிதாக 5 வரலாம். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர்கள் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். என் மகளின் டாக்டரும் அதையேதான் சொன்னார். வெளியே வந்து, "இதுக்கா பீஸ் குடுத்தோம்?" என்று என் கணவர் முனகினார்.

சில குழந்தைகளுக்கு சிகிச்சை தேவைப்படும். அரிப்பு தாங்காதவர்கள், கரப்பானோடு சேர்ந்து பெருகுபவர்கள், முகத்தில் வந்து பள்ளியில் கேலிக்கு ஆளாகிறவர்கள். மரத்துப்போகும் களிம்பு தடவி ஒரு சின்னக் கருவியால் சுரண்டி எடுப்பது, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் குருவின் மேல் மட்டும் தொட்டு வைப்பது என்று வழிகள் உண்டு. நைட்ரஜன் வலிக்கும், சின்னக் குழந்தைகள் தாங்க மாட்டார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கொஞ்ச காலம் வெளுத்த புள்ளி நிற்கவும் வாய்ப்புண்டு. கொப்புள வண்டு என்ற பூச்சியில் உள்ள கேந்தாரிடின் என்ற பொருளைக் குருவில் தடவிக் கொப்புளமாக்கி உதிரச் செய்யும் முறையைத் தோல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே பயன்படுத்தி வந்தார்கள். அமெரிக்காவில் அதற்கு முறையான அனுமதி 2023இல்தான் கிடைத்தது, பாலுண்ணிக்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. பேட்மன் விவரித்து 200 வருடத்துக்கு மேல் ஆன பிறகு! 2024இல் வீட்டிலேயே தடவக்கூடிய ஜெல் ஒன்றுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் கட்டாயம் பலிக்கும் என்று சொல்லக்கூடிய ஒரு சிகிச்சை இன்றுவரை இல்லை.

கண் இமையிலோ இமை ஓரத்திலோ குரு இருந்து கண் சிவந்தால் காத்திருக்க வேண்டாம், கண் டாக்டரைப் பாருங்கள். குருக்கள் மிகப் பெரிதாக, மிக அதிகமாக வந்தால், குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இருந்தால், அதையும் டாக்டர் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் வந்தால் பெற்றோர் வேறு மாதிரி பதறுவதுண்டு. பெரியவர்களுக்கு இது உடலுறவு வழியாகவும் பரவும் என்று எங்கோ படித்திருப்பார்கள். குழந்தைகளுக்கு அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் சொறிந்த கை கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். மனதை உறுத்தும் வேறு ஏதாவது இருந்தால் தயங்காமல் டாக்டரிடம் பேசுங்கள்.

இனி கைவைத்தியம். அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளினால் வரும் பால், எருக்கம்பால், சுண்ணாம்பு, நசுக்கிய பூண்டு, ஊசியால் குத்துவது, தலைமுடியால் கட்டுவது. எனக்கும் இத்தனையும் சொல்லப்பட்டன. முடியால் கட்ட ஒரு கழுத்து வேண்டும், கவிழ்த்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும் குருவில் எதைக் கட்டுவது? பூண்டும் சுண்ணாம்பும் குழந்தைத் தோலைப் பொசுக்கிவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும், அந்தக் கையோடு கண்ணைக் கசக்காத குழந்தை உண்டா? பாலுண்ணி தழும்பில்லாமல் போகக்கூடியது. பொசுக்கிய புண் அப்படிப் போகாது.

என் அம்மா இவை எதையும் செய்யவில்லை. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். மரு, பாலுண்ணி வந்தால் அங்கே உப்பும் மிளகும் காணிக்கையாகப் போடுவது வழக்கம். பேத்திக்காக எட்டாவது மாதம் போய்ப் போட்டுவிட்டு வந்தார். தோலுக்குக் கெடுதல் செய்யாத வைத்தியம் என்பதால் நான் மறுப்புச் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாதம் ஒரு நாள் காலையில் பார்த்தால், அக்குளில் இருந்த குருக்கள் திடீரென்று சிவந்து வீங்கியிருந்தன. சுற்றிலும் தடிப்பு, ஓரிரண்டில் பொருக்கு. இத்தனை மாதம் சாதுவாக இருந்தது சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து டாக்டரிடம் ஓடினோம். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். காவல்படை கடைசியில் திருடனைக் கண்டுபிடித்துவிட்டது, அந்தச் சண்டைதான் இந்தச் சிவப்பு என்றார். டாக்டர்கள் இதை முடிவின் தொடக்கம் என்கிறார்கள். பல பெற்றோர் அரண்டுபோய் ஆன்டிபயாடிக் கேட்பது சரியாக இந்த வாரத்தில்தான், பெரும்பாலும் அது தேவைப்படாது. காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, வேகமாகப் பரவும் சிவப்பு என்று இருந்தால் மட்டும் உண்மையான பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

அடுத்த சில வாரங்களில் ஒவ்வொன்றாக வற்றி, பத்தாவது மாதத்தில் எல்லாம் போய்விட்டன. சில இடங்களில் வெளிறிய புள்ளிகள் மட்டும் இருந்தன, அவையும் மெல்ல மறைந்தன. அவள் சொறிந்து புண்ணாக்கிய ஓர் இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவு குழி இன்னும் இருக்கிறது. சின்னம்மை வைரஸ்போல இது நரம்பில் ஒளிந்திருந்து வயதான பிறகு அக்கியாகத் திரும்பி வராது. குரு போனால் வைரஸும் போனது. ஆனால் வெளியிலிருந்து புதிதாக ஒட்டினால் மறுபடியும் வரலாம்.

பூண்டு வைத்திருந்தால் பூண்டுக்கும், ஜெல் தடவியிருந்தால் ஜெல்லுக்கும் அந்தப் பத்தாவது மாதத்தில் பெயர் கிடைத்திருக்கும். எங்கள் வீட்டில் அது உப்புக்கும் மிளகுக்கும் போனது. "பாத்தியா, போட்டுட்டு வந்து ரெண்டே மாசம்" என்றார் அம்மா. நான் அந்தப் பிரிட்டன் ஆய்வைச் சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டேன்.